வெக்கையைக் கட்டிப்போட்டு குளிரை விலைக்கு வாங்குகிறோம்

வடக்கில் இப்போது எந்தக் கிராமத்துக்குள் போனாலும் ஒரு புது வீடாவது எழும்பிக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. மேலே கொங்கிறீற் பிளாற். முன்னுக்குக் கண்ணாடியும் அலுமினியமும் போட்ட இழுவை யன்னல். விறாந்தை இல்லை, அல்லது இரண்டு கதிரை வைக்கிற அளவுக்கு ஒரு பெயர் விறாந்தை. முற்றம் முழுக்கக் கல் பதித்து, நின்ற மாவையும் வேம்பையும் "குப்பை கொட்டுது" என்று தறித்தாயிற்று. பக்கச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதுதான் ஏசியின் வெளிப்பக்கம். குடிபூரலுக்கு முதலே அது வந்துவிடுகிறது.

நாங்கள் ஏசிக்கு எதிரானவர்கள் இல்லை. வெக்கையில் நித்திரை இல்லாமல் புரளுவதில் ஒரு பெருமையும் கிடையாது. எங்கள் கேள்வி வேறு. ஒரு கோடிக்கு மேல் செலவழித்து, வெறும் காணியில் புதிதாகக் கட்டிய வீட்டில், ஒரு மெசினைப் போட்டால்தான் மனுசர் இருக்கலாம் என்றால், அந்தக் காசுக்கு எதைத்தான் கட்டினோம்?

முதலில் அந்த மெசின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அது ஒரு பம்ப். கிணற்றுப் பம்ப் தண்ணியை இழுத்துத் தொட்டிக்கு ஏற்றுவதுபோல, இது அறைக்குள் இருக்கிற வெப்பத்தை இழுத்து வெளியே ஊற்றுகிறது. உள்ளே ஒரு குழாய்ச் சுருளில் வாயுத் திரவம் ஆவியாகி வெப்பத்தைக் குடிக்கும். வெளியே இருக்கிற கொம்பிரசர் அதை அமுக்கிச் சூடாக்கும். அந்தச் சூடு வெளிக்காற்றோடு போய்விடும். ஒரு யூனிற் கரண்டைச் செலவழித்து மூன்று யூனிற் அளவான வெப்பத்தை வெளியேற்றலாம். கெட்டிக்கார மெசின்தான். ஆனால் வெளியேற்றின மூன்றும் அதற்குச் செலவான ஒன்றும் சேர்ந்து நாலாக வெளியேதான் விழுகிறது. அந்தப் பெட்டி பக்கத்து வீட்டு யன்னலைப் பார்த்தபடி பூட்டியிருந்தால் அது யாருடைய தலையில் விழுகிறது என்று சொல்லத் தேவையில்லை.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கட சனம் இப்போது பூட்டுகிற 'ஹீட் பம்ப்' இதே மெசின்தான், திருப்பிப் போட்டது. வெளியே இருக்கிற குளிர்காற்றில் இருந்தும் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் ஊற்றும். இங்கிலாந்திலும் வேல்சிலும் அதைப் பூட்ட 7,500 பவுண்ஸ் அரச மானியம் கிடைக்கிறது. அங்கே ஒழுங்காக வேலை செய்கிற ஆள் மெசினைப் பற்றிப் பேச முதல் வீட்டைத்தான் பார்ப்பார். கூரைக்குக் காப்பு போட்டிருக்கா, யன்னல் என்ன மாதிரி, எந்தச் சுவரால் எவ்வளவு வெப்பம் போகுது என்று அறை அறையாகக் கணக்குப் போட்டுத்தான் எந்த அளவு மெசின் என்று முடிவெடுப்பார். அந்தக் கணக்கில்லாமல் ஓட்டை வீட்டில் பூட்டினால் பில் ஏறும், வீடு சூடாகாது, பழி மெசினில் விழும்.

அங்கிருந்து எங்களுக்குக் காசு வருகிறது. வீட்டுப் படம் வருகிறது. "இந்த மாதிரிக் கண்ணாடி வைக்கச் சொல்லுங்கோ" என்று வட்ஸ்அப்பில் போட்டோ வருகிறது. வீட்டைப் பற்றிய அந்த முதல் கேள்வி மட்டும் வருவதில்லை. பனி விழுகிற நாட்டில் வெயிலை உள்ளே கூப்பிடுவதற்காக வைத்த பெரிய கண்ணாடியைக் கொண்டுவந்து, மேற்கு வெயில் நேரே விழுகிற பக்கத்தில் வைக்கிறோம். பிறகு அந்த வெயிலை வெளியேற்ற மெசின் வாங்குகிறோம். ஓட்டை வள்ளத்தை அடைக்காமல் இரவு பகலாகத் தண்ணி இறைக்கிற வேலை இது.

எங்கட ஊரில் வீட்டுக்குள் வெப்பம் பெரும்பாலும் கூரையால்தான் வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கும். சுவரைவிடக் கூரைக்குத்தான் அந்த அடி. நாலைந்து அங்குலக் கொங்கிறீற் அந்தச் சூட்டைப் பகல் முழுக்கக் குடித்து வைத்திருக்கும். குடித்தது கீழே இறங்கச் சில மணி நேரம் எடுக்கும். அதனால்தான் வெயில் தாழ்ந்து, வெளியே காற்று குளிரத் தொடங்குகிற பொழுதில் வீட்டுக்குள் அவியத் தொடங்குகிறது. வெளியே இருந்தால் சுகம், உள்ளே போனால் புழுக்கம். நித்திரைக்குப் போகிற நேரத்தில் மேலே ஒரு சூடான தோசைக்கல்லைக் கவிழ்த்துவைத்த மாதிரி. அந்தக் கல்லோடுதான் ஏசி இரவிரவாக மல்லுக்கட்டுகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சாதாரண மேல்விசிறி 60, 70 வாற்றில் ஓடும். 12,000 பி.ரி.யூ ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஆயிரம் வாற்றுக்குக் கிட்ட இழுக்கும். பதினைந்து ஃபானை ஒன்றாகப் போட்ட மாதிரி. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூட்டப்பட்டது. பிறகு கூடிக் குறைந்தாலும் அந்த அடியை எந்த வீடும் மறக்கவில்லை. கட்டணம் படிப்படியாக ஏறுகிற முறையில் இருப்பதால் பாவனை கூடக்கூட ஒவ்வொரு யூனிற்றின் விலையும் கூடும்.

அந்த பில்லைக் கட்டப்போவது யார்? இந்த வீடுகளில் பலவற்றில் இருப்பது இரண்டு வயது போன ஆக்கள். அல்லது ஒருவர்தான். பிள்ளைகள் வெளிநாட்டில். "ஏசி இருக்கு தம்பி, நாங்கள் போடுறேல்லை" என்று எத்தனை வீட்டில் கேட்டிருப்போம். றிமோட் அலுமாரிக்குள் பொலித்தீன் பையோடு இருக்கும். ஆடி, ஆவணியில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து நிற்கிற மூன்று கிழமைக்கு அது வெளியே வரும். மிச்ச நாற்பத்தொன்பது கிழமையும் அம்மாவும் அப்பாவும் அந்தத் தோசைக்கல்லுக்குக் கீழே. மூன்று கிழமை விருந்தாளிகளுக்காகக் கட்டின வீட்டில் வருடம் முழுக்க இருப்பவர்களுக்கு இடமில்லை.

குசினியையும் பாருங்கள். ஏசி பூட்டுவது படுக்கையறையில், மிஞ்சினால் ஹோலில். வீட்டில் ஆகச் சூடான இடம் அடுப்படி. அங்கே நாளுக்கு நாலைந்து மணித்தியாலம் நிற்பவர் பெண். அவருக்கு ஒரு புகைபோக்கியோ எதிரெதிரே இரண்டு யன்னலோ பிளானில் இல்லை. முன்பக்கம் வீதியில் போகிறவர் பார்க்கிறதுக்கு, பின்பக்கம் சமைக்கிறவர் வேகிறதுக்கு. இதை வசதி என்று சொல்ல வாய் கூசவேண்டும்.

கரண்ட் நின்றால் என்ன? 2022 மார்ச் 31 அன்று நாடு முழுக்க 13 மணி நேரம் மின்வெட்டு. அப்படி ஒரு நாளில் விறாந்தை உள்ள வீட்டில் பாயைப் போட்டுப் படுக்கலாம். நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த வீட்டில் கதவைத் திறந்துபோட்டு வெளியே வந்து இருக்கத்தான் முடியும். "சோலார் போட்டாச்சு, பிரச்சினை இல்லை" என்பார்கள். சோலார் நல்லது, போடுங்கள். ஆனால் அது தருவது பகலில், ஏசி ஓடுவது இரவில். பற்றரி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். மோசமாகக் கட்டின வீட்டைக் கூரைக்கு மேல் வைக்கிற தகடு நல்ல வீடாக்காது.

இந்த வெக்கைக் கதை எங்கள் அரசியலில் ஒருமுறை வந்து போனதுதான். போரால் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று 2016 அளவில் அரசாங்கம் கொண்டுவந்த திட்டம் ஞாபகம் இருக்கும். ஒரு வீடு 20 இலட்சத்துக்கு மேல். அதற்கு முன் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 550,000 ரூபாய். அதை வைத்து, கடனும் பட்டு, சனம் கல்வீடு கட்டிக்கொண்டது. அப்படியிருக்க ஏன் இந்த இரும்புப் பெட்டி என்று பலரும் கேட்டார்கள். எங்கட வெயிலுக்கு அது ஒத்துவருமா என்பது அந்த எதிர்ப்பின் முக்கியமான வாதங்களில் ஒன்று. திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. கையில் ஒன்றுமில்லாத சனம் அன்றைக்கு "எங்களை அவிக்காதே" என்று சொல்ல உரிமை உண்டு என்று நின்றது. இன்றைக்குக் கையில் காசுள்ளவர்கள் அதே அவியலைத் தங்கள் சொந்தக் காசில், கொங்கிறீற்றில் கட்டிக்கொள்கிறார்கள்.

"அப்ப என்ன, திரும்ப ஓலை வீட்டுக்குப் போகச் சொல்லுறியளா?" இந்தக் கேள்வியை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. நாற்சார் வீட்டையும் நடுமுற்றத்தையும் பற்றி உருகி எழுதுகிற கூட்டத்தில் நாங்கள் சேரமாட்டோம். அந்தப் பெரிய வீடுகள் யாருடைய உழைப்பில் எழும்பின, யார் அந்தத் திண்ணைக்கு மேல் ஏற முடியாமல் முற்றத்தில் நின்றார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கல்வீடு கட்டுவதையே சாதியின் பெயரால் தடுத்த ஊர்கள் இங்கே இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பிளாற் அடித்து வீடு கட்டினால் அது வெறும் கூரை இல்லை, தலைநிமிர்வு. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து, தறப்பாளுக்குக் கீழே மழையையும் வெயிலையும் பார்த்த சனத்துக்குக் கொங்கிறீற் என்றால் "இனி அசையமாட்டம்" என்று அர்த்தம். ஓலை வேய்கிறதும் மண் மெழுகுகிறதும் யாருடைய முதுகை முறித்த வேலை என்பதும் தெரிந்ததே.

ஆனபடியால் கல்லையும் சீமெந்தையும் விடச் சொல்லவில்லை. அந்தத் தலைநிமிர்வுக்கு விலையாக வெக்கையை ஏன் சேர்த்துத் தருகிறீர்கள் என்றுதான் கேட்கிறோம். விறாந்தை எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. நிழலும் காற்றும் யாருடைய முதுசமும் இல்லை. பழைய வீட்டின் சாதியை எறிந்துவிட்டு அதன் காற்றோட்டத்தை எடுத்துக்கொள்ள எங்களுக்கு முழு உரிமை உண்டு.

செய்யக்கூடியது பெரிய வித்தை இல்லை. பிளாற் போடத்தான் வேண்டும் என்றால் அதற்கு மேலே இடைவெளி விட்டு ஓட்டுக்கூரை போடலாம். இடையில் காற்று ஓடினால் சூடு கீழே இறங்காது. அதற்குக் காசில்லையா, பிளாற்றுக்கு வெள்ளை அடியுங்கள், வெயிலில் ஒரு பங்கு திரும்பிப்போகும். சீற் கூரை என்றால் கீழே காப்போடு சீலிங் போட்டு, சுவரின் உச்சியில் சூட்டுக்காற்று போக வழி விடுங்கள். தாழ்வாரத்தை மூன்றடிக்கு நீட்டுங்கள், சுவரில் வெயில் படாது. மேற்கில் விறாந்தை, இல்லையென்றால் ஒரு மரம். சோளகம் தென்மேற்கில் இருந்து வரும், வாடை வடகிழக்கில் இருந்து வரும். அதற்கு நேரே ஒரு யன்னல், எதிர்ப்பக்கம் இன்னொன்று. இழுவை யன்னல் பாதிதான் திறக்கும். கதவுபோல் முழுக்கத் திறக்கிற யன்னல் வையுங்கள். நோயாளிக்கோ கைக்குழந்தைக்கோ ஏசி வேண்டுமென்றால் ஒரு சின்ன அறையை அதற்கென்றே சீலிங் காப்போடு, இடுக்கில்லாமல் கட்டுங்கள். அந்த அறையில் சின்ன ஏசியும் போதும், பில்லும் கைக்குள் நிற்கும்.

நிலை வைக்க நாள் பார்க்கிறோம். வாசல் எந்தத் திசை என்று சாத்திரியிடம் கேட்கிறோம், குசினி எந்த மூலை என்று வாஸ்துக்காரரிடம் கேட்கிறோம். காற்று எந்தத் திசையால் வருகிறது என்று மட்டும் ஒருவரிடமும் கேட்பதில்லை. அதற்கு ஒருவருக்கும் தட்சணையும் தேவையில்லை. முற்றத்தில் ஒரு பொழுது நின்றால் தெரிந்துவிடும்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் அறிவியல் நகரிலோ வேறெங்கோ பொறியியல் படிக்கிறீர்கள். சிலர் பிளான் கீறுகிறீர்கள், சைற்றில் வேலை செய்கிறீர்கள். இன்னும் பலருக்கு, வீட்டில் அண்ணாவோ அக்காவோ வெளிநாட்டில் இருந்து அனுப்புகிற காசில் கட்டப்போகிற வீட்டை நின்று பார்க்கிற பொறுப்பு விழும். பிளான் மேசைக்கு வரும்போது வாயைத் திறவுங்கள். "இந்த வீட்டில் கரண்ட் இல்லாமல் சித்திரை மாதம் ஒரு இரவு அம்மாவால் படுக்க ஏலுமா?" என்று கேளுங்கள். ஏலாது என்று பதில் வந்தால், அத்திவாரம் வெட்ட முதல் அந்தப் பிளானைத் திருப்பி அனுப்புங்கள். தாளில் இருக்கிற சுவரை மாற்றுவதற்கு ஒரு அழிறப்பர் போதும்.