லாக்கர் சாவி லாக்கருக்குள்ளேயே இருக்கிறதா?

காலை 6 மணிக்கு முகூர்த்தம். நாலரை மணிக்கு நகையை எடுக்கப் போனால், பீரோவுக்குள் இருக்கும் டிஜிட்டல் லாக்கர் திறக்க மறுக்கிறது. நம்பரை அழுத்தினால் 'பீப்' சத்தம் கேட்கிறது, விளக்கும் எரிகிறது. கதவு மட்டும் அசையவில்லை. "நம்பரை மாத்திட்டியா?" என்று கணவர் கேட்க, "நேத்துகூடத் திறந்தேங்க!" என்று மனைவி பதற, மண்டபத்துக்குப் போக வேண்டிய கார் வாசலில் ஹாரன் அடிக்கிறது.

இப்படிப்பட்ட நேரங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான்.

வீடுகளில் வைக்கும் சிறிய லாக்கர்களில் பலவும் நான்கு பென்சில் பேட்டரிகளில் இயங்குகின்றன. ஒன்றுக்கு 1.5 வோல்ட் வீதம் மொத்தம் 6 வோல்ட். விளக்கு எரியவும் சத்தம் வரவும் கொஞ்சம் மின்சாரம் போதும். ஆனால், பூட்டைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பியை இழுக்கும் காயிலுக்கோ மோட்டாருக்கோ அதைவிட அதிகம் தேவை. பேட்டரி பழசாகிவிட்டால் அந்த வேகம் கிடைக்காது. அதனால், விளக்கு எரிவதை மட்டும் வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

உடனே என்ன செய்யலாம்?

* நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்துவதை நிறுத்த வேண்டும். சில முறை தப்பாக அழுத்தினாலே பல லாக்கர்கள் சில நிமிடங்களுக்குத் தாமாக முடங்கிவிடும். அந்த நேரத்தில் சரியான நம்பரையும் ஏற்காது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு நிதானமாக அழுத்திப் பார்க்கலாம்.

* கைப்பிடியை முறுக்கிப் பிடித்தபடியே நம்பர் போடக் கூடாது. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் கம்பி சிக்கிக்கொள்ளும். கைப்பிடியைப் பூட்டும் பக்கமாகத் தளர்த்தி, கதவை உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்திக்கொண்டு நம்பர் போட வேண்டும். அதன் பிறகே திருக வேண்டும். உள்ளே பத்திரங்களையும் நகைப் பெட்டிகளையும் திணித்து வைத்திருந்தாலும் கதவு இப்படிச் சிக்கும்.

* பேட்டரி, கதவின் உள்பக்கம் இருந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். சில மாடல்களில் கீபேடுக்கு அருகே இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். அவற்றில் 9 வோல்ட் பேட்டரியை ஒட்டிப் பிடித்தபடி நம்பர் போட்டால் திறக்கும். சிலவற்றுக்குத் தனி பேட்டரி பெட்டியே கொடுத்திருப்பார்கள்.

* எதுவும் பலிக்கவில்லையா? அவசரச் சாவி உதவும். அதற்கான துவாரம் கம்பெனி பெயர்ப் பலகைக்கோ சிறிய பிளாஸ்டிக் மூடிக்கோ பின்னால் ஒளிந்திருக்கும்.

ஸ்குரூ டிரைவரால் நெம்புவது, சுத்தியலால் அடிப்பது இரண்டும் வேண்டாம். சாவியால் திறந்திருக்க வேண்டிய லாக்கரை அறுத்துத் திறக்கும் நிலைக்கு அது கொண்டுபோய் விடும்.

ஆளைக் கூப்பிடுவதென்றால், முதலில் பில்லையும் லாக்கரின் சீரியல் நம்பரையும் வைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸை அழைப்பது நல்லது. வெளியாள் வந்தால் அடையாள அட்டையைப் பார்த்து, கூலியை முன்பே பேசி, வேலை முடியும்வரை வீட்டார் இருவராவது கூடவே இருக்க வேண்டும். அவர் கிளம்பியதும் நம்பரை மாற்றிவிட வேண்டும்.

திறந்த பிறகு...

நான்கு பேட்டரிகளையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். ஆல்கலைன் வகை நல்லது. ரீசார்ஜபிள் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் மொத்தம் 4.8 வோல்ட்டே கிடைக்கும். சில லாக்கர்களுக்கு அது போதாது. முனைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது என்று அர்த்தம். பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரியைப் போடலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இரண்டு மூன்று முறை பூட்டித் திறந்து பார்த்த பிறகு மூடுவது பாதுகாப்பு. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கும்போதே இதையும் செய்துவிட்டால் மறக்காது.

கடைசியாக, அந்த அவசரச் சாவி. வாங்கிய அன்று அது கையேட்டோடு ஒரே கவரில் வரும். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று பல வீடுகளில் அந்தக் கவரை லாக்கருக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஒரு சாவி வீட்டில் வேறு இடத்திலும், இன்னொன்று நம்பிக்கையான உறவினர் வீட்டிலோ பேங்க் லாக்கரிலோ இருக்கட்டும்.

சாவி இருக்கும் இடமும் நம்பரும் குடும்பத்தில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நம்பர் தெரிந்த ஒரே ஆள் ஐ.சி.யூ-வில் இருக்க, அவருடைய மருத்துவக் காப்பீட்டு பாலிசி லாக்கருக்குள் இருந்தால், புது பேட்டரி போட்டும் பயன் இல்லை. இன்று இரவே அந்தக் கவர் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.