முதலில் அச்சு! பிறகுதான் டயர்!

கரடுமுரடான பாறை. அதன் மீது ஒரு ஜீப் ஏறுகிறது. என்ஜின் உறுமுகிறது. பெரிய பெரிய டயர்கள் பாறையைக் கவ்விப் பிடிக்கின்றன. இன்னும் ஓர் அடி ஏறினால் உச்சி!

அந்த நேரத்தில் "டணார்" என்று ஒரு சத்தம்!

என்ஜின் ஓடுகிறது. ஆனால் வண்டி நகரவில்லை. ஓட்டியவர் இறங்கிக் குனிந்து பார்க்கிறார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ஜினுக்கும் ஒன்றும் ஆகவில்லை. உடைந்து போனது, அச்சு!

அமெரிக்காவில் மலையிலும் பாலைவனத்திலும் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன கதை. "என் கெட்ட நேரம்" என்று அவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வது உண்டு. ஆனால் பெரும்பாலும் அது கெட்ட நேரம் அல்ல. வண்டி கட்டும்போது செய்த தவறு.

டயரை முதலில் வாங்கிவிட்டு, அச்சைப் பற்றிக் கடைசியில் யோசித்ததுதான் அந்தத் தவறு!

போர் தந்த வண்டி

இரண்டாவது உலகப்போரில் பிறந்தது ஜீப். 1941 முதல் 1945 வரை, 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் பொதுமக்கள் கைக்கு ஜீப் வந்தது. வேலைக்கு வாங்கியவர்கள் பலர். வேடிக்கைக்கு வாங்கியவர்களும் உண்டு.

கலிபோர்னியா மாநிலத்தில் "ரூபிகான்" என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. நீளம் சுமார் 22 மைல். பாதை என்று பெயரே தவிர, பார்த்த இடமெல்லாம் பாறைதான். 1953-ம் ஆண்டு ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரில் இருந்து, ஜீப்காரர்கள் கூட்டமாக இந்தப் பாதையில் புறப்பட்டார்கள். அது ஒரு திருவிழா ஆகிவிட்டது. யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊரில் 1967-ம் ஆண்டு இன்னொரு ஜீப் விழா தொடங்கியது. அது ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி நடக்கிறது.

இந்தப் பாதைகளில் போகிறவர்களில் பலர், கம்பெனி கொடுத்த வண்டியை அப்படியே ஓட்டுவது இல்லை. தாங்களே வண்டி கட்டிக்கொள்கிறார்கள். ஒரு வண்டியின் சட்டம், இன்னொரு வண்டியின் என்ஜின், பழைய லாரியின் அச்சு என்று சேர்த்துப் பூட்டுகிறார்கள். வீட்டுக் கொட்டகையிலேயே கட்டுகிறவர்களும் உண்டு.

இப்படிக் கட்ட ஆசை வந்ததும், பலர் முதலில் வாங்குவது பெரிய டயர். அடுத்தது பெரிய என்ஜின். அச்சு யார் கண்ணுக்கும் தெரியாது. வண்டிக்கு அடியில் எண்ணெயும் மண்ணும் பூசிக்கொண்டு கிடக்கும். அதனால் அது கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது.

அச்சு என்ன செய்கிறது?

மாட்டுவண்டியின் அச்சை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அது சுமையைத் தாங்கும். அதோடு அதன் வேலை முடிந்தது.

ஜீப்பின் அச்சுக்கு இரண்டு வேலை. சுமையையும் தாங்க வேண்டும். என்ஜினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டும்.

அது ஓர் இரும்புக் குழாய். நடுவிலோ, சற்று ஓரமாகவோ உருண்டையாகப் புடைத்திருக்கும். அந்த உருண்டைக்குள் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. சிறியது பினியன். பெரியது கிரவுன். பினியன் சுற்றினால் கிரவுன் சுற்றும். கிரவுனில் இருந்து இரண்டு பக்கமும் இரும்புத் தண்டுகள் சக்கரத்துக்குப் போகின்றன. இந்தத் தண்டுதான் "ஷாப்ட்". முன் அச்சில் சக்கரம் திரும்பவும் வேண்டும். ஆகவே அங்கே வளைந்து கொடுக்கும் "ஜாயிண்ட்" ஒன்றும் உண்டு.

மோட்டார் வண்டி வந்த புதிதில், சைக்கிளைப் போலச் சங்கிலி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிய வண்டிகள் இருந்தன. கிளாரன்ஸ் ஸ்பைசர் என்பவர், அதற்குப் பதில் தண்டும் ஜாயிண்டும் போதும் என்று காட்டினார். 1903-ம் ஆண்டு அதற்கு உரிமை பெற்றார். அடுத்த ஆண்டு தொழில் தொடங்கினார். அந்தக் கம்பெனி 1946-ல் "டேனா" என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஜீப் அச்சுகளில் புகழ்பெற்ற டேனா 30, டேனா 44, டேனா 60 ஆகியவை இந்தக் கம்பெனியின் பிள்ளைகள்தான். டேனா 30-ன் கிரவுன் குறுக்களவு 7 அங்குலத்துக்குச் சற்று அதிகம். டேனா 44-க்கு எட்டரை அங்குலம். டேனா 60-க்கு ஒன்பதே முக்கால் அங்குலம்.

65 மடங்கு பலம்!

பாறை ஏறும்போது அச்சின் மீது எவ்வளவு பலம் வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் கியர் என்ஜினின் முறுக்கை 4 மடங்கு ஆக்குகிறது. நாலு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்து அனுப்பும் கியர் பெட்டி, அதை மேலும் 4 மடங்கு ஆக்குகிறது. அச்சில் உள்ள பல்சக்கரங்கள் 4.10 மடங்கு ஆக்குகின்றன. மூன்றையும் பெருக்கினால் 65-க்கு மேல் வருகிறது. 2003-ல் வந்த "ரூபிகான்" ஜீப்பின் கணக்கு கிட்டத்தட்ட இதுதான்.

அதாவது, என்ஜின் கொடுக்கும் முறுக்கு சுமார் 65 மடங்காகப் பெருகி அச்சுக்கு வந்து சேருகிறது!

மண்ணில் இது ஆபத்து இல்லை. டயர் வழுக்கிவிடும். ஷாப்ட் தப்பித்துவிடும். இரண்டு பாறைக்கு நடுவே சக்கரம் சிக்கிக்கொண்டால்? சக்கரம் சுற்றாது. என்ஜின் விடாது. நடுவில் மாட்டிக்கொண்ட ஷாப்ட், ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கப்படும். பிறகு உடையும்.

"லாக்கர்" என்று ஒரு கருவி உண்டு. ஒரு சக்கரம் வழுக்கினாலும், மற்றதும் சேர்ந்து சுற்றும்படி இரண்டையும் பூட்டுவது அது. பாறை ஏற அது நல்ல துணை. ஆனால் பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின் ஷாப்டில் அந்த அச்சின் பலம் முழுவதும் போய் விழவும் அதுவே வழி செய்கிறது.

டயர் பெரிதானால் என்ன ஆகும்? நீளமான ஸ்பானரைப் பிடித்துத் திருகினால், எப்பேர்ப்பட்ட நட்டும் நகரும். பெரிய டயரும் அந்த ஸ்பானரைப் போலத்தான். தரை அதைப் பிடித்து அச்சைத் திருகுகிறது. 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 37 அங்குல டயரைப் போட்டால், அந்த ஸ்பானரின் நீளம் நூற்றுக்கு 19 பங்கு கூடுகிறது!

அதோடு நிற்கவில்லை. பெரிய டயரைச் சுற்ற என்ஜின் திணறும். பழையபடி ஓட வேண்டுமானால் 4.10 பல் விகிதத்தை 4.88 ஆக்க வேண்டும். அதற்கு அதே அளவு கிரவுனுக்குச் சிறிய பினியன் போட வேண்டும். பினியன் சிறுத்தால் வலுவும் குறையும். சுமை கூடுகிற நேரத்தில் தாங்குகிற சக்தி குறைகிறது!

பெரியதே போட்டால் என்ன?

"இவ்வளவு யோசனை எதற்கு? இருப்பதிலேயே பெரிய அச்சைப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது" என்று சிலர் கூறுகிறார்கள். இரண்டு தடவை செலவழிப்பதைவிட ஒரு தடவை செலவழிப்பது மேல் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்று டேனா 44 வாங்கி, ஒரு வருடம் கழித்து அதை விற்றுவிட்டு டேனா 60 வாங்குகிறவருக்கு நஷ்டம்தான்.

ஆனால் பெரிய அச்சும் இலவசமாக வரவில்லை. அது கனம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் கனம். சாலையில் போகும்போது வண்டியைக் குலுக்கி எடுத்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டயரின் உயரத்தில் 6 அங்குலம் கூட்டினால், அச்சு 3 அங்குலம்தான் உயரும். டேனா 60-ன் கிரவுன் பெரியது. ஆகவே அதன் உருண்டை, டேனா 44-ஐவிட அரை அங்குலத்துக்கு மேல் கீழே இறங்கி நிற்கும். உயர்த்தியதில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. சிறிய டயர் போட்ட வண்டிக்கு இந்த அச்சு பாறையில் இடிக்கத்தான் உதவும்!

உயரமே முக்கியம் என்றால் ஜெர்மனியில் வேறு வழி கண்டார்கள். "உனிமோக்" என்ற வண்டியில் சக்கரத்தின் அருகே தனிப் பல்சக்கரங்கள் வைத்து, அச்சையே சக்கரத்தின் நடுமையத்துக்கு மேலே தூக்கிவிட்டார்கள். அருமையான யோசனை. ஆனால் உறுப்புகள் அதிகம், செலவும் அதிகம்.

ஆகவே "எது பெரியது?" என்பது சரியான கேள்வி அல்ல. "எங்கே ஓட்டப்போகிறோம்? அதற்கு எவ்வளவு டயர் போதும்?" என்பதே சரியான கேள்வி. முதலில் அதைக் காகிதத்தில் எழுதவேண்டும். அதற்கு ஏற்ற அச்சை வாங்கவேண்டும். டயர்க் கடைக்குக் கடைசியில் போனால் போதும்.

கனமில்லாத ஜீப்புக்கு 33 அங்குல டயர் வரை டேனா 44 தாராளம். 35 அங்குலம் என்றால், அதே அச்சில் உயர்ந்த எஃகு ஷாப்ட் போட்டுக்கொள்வது நல்லது. 37 அங்குலமும் அதற்கு மேலும் போட்டுப் பாறையில் ஏறுகிறவருக்குத்தான் டேனா 60 தேவை. ஷாப்டின் குறுக்களவு 1.31 அங்குலத்தில் இருந்து ஒன்றரை அங்குலம் ஆனால், அதே எஃகில் வலு ஒன்றரை மடங்கு ஆகிவிடும்.

சக்கரம் கழன்று ஓடினால்?

அளவைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பின் அச்சில் இரண்டு வகை உண்டு. "செமி ப்ளோட்டிங்" என்பது ஒரு வகை. இதில் ஷாப்ட் சக்கரத்தையும் சுற்றும். வண்டியின் பாரத்தையும் தாங்கும். சக்கரத்தின் ஓரத்தில் ஷாப்ட் உடைந்தால், அந்தச் சக்கரம் வண்டியை விட்டே கழன்று போகலாம்!

"புல் ப்ளோட்டிங்" என்பது இன்னொரு வகை. இதில் பாரத்தைக் குழாயும் ஹப்பும் தாங்கும். ஷாப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டுமே. ஷாப்ட் உடைந்தாலும் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். உடைந்த துண்டை உருவி எறிந்துவிட்டு, முன் சக்கரங்களின் பலத்தில் வீடு வந்து சேரலாம்.

போருக்குச் செய்த ஜீப்பின் பின் அச்சு இந்த வகைதான். சிப்பாயின் உயிருக்குக் கொடுத்த மதிப்பை, மனைவி மக்களின் உயிருக்குக் கொடுக்க வேண்டாமா? குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர் பளபளக்கும் விளக்குக்கும் லாக்கருக்கும் பணம் கொடுப்பதற்கு முன்னால், புல் ப்ளோட்டிங் அச்சுக்குக் கொடுப்பதே முறை.

பழைய அச்சு வாங்குகிறவருக்கு

வண்டி கட்டுகிறவர்கள் பழைய லாரிகளில் இருந்து அச்சு வாங்குவது வழக்கம். விலை குறைவாக இருக்கும். அவசரப்பட்டால் அதுவே அதிக விலை ஆகிவிடும்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பல் விகிதம் ஒன்றாக இருக்கவேண்டும். முன்னே 4.10, பின்னே 4.88 என்று இருந்தால், இரண்டும் மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும். முன் அச்சின் உருண்டை, கியர் பெட்டித் தண்டு வரும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். அந்தப் பக்கம் வண்டிக்கு வண்டி மாறும். அகலம் சரியாக இருக்கிறதா, சக்கரத்துக்கு எத்தனை போல்ட் என்பதையும் பார்க்கவேண்டும். முன்னே 5 போல்ட், பின்னே 8 போல்ட் என்றால், ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. குழாய் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. டயர் பெரிதானால் பிரேக்கும் பெரிதாக வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

எல்லாம் செய்தாலும் ஏதோ ஒன்று என்றாவது உடையத்தான் செய்யும். உடைவது எது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பவரே கெட்டிக்காரர். கைக்கு எட்டுகிற, விலை குறைந்த உறுப்பு ஒன்று உடையட்டும். அதற்கு மாற்று ஒன்றை வண்டியிலேயே எடுத்துப் போகட்டும். கூடுதல் ஷாப்ட் ஒன்று வைத்திருப்பவர் மாலைக்குள் வீடு திரும்புவார். இல்லாதவர் மலையில் இரவைக் கழிப்பார்.

இந்தியாவில் இந்த ஆசை உள்ளவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அச்சை மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பது, பின்னால் வரும் தலைவலியை மிச்சப்படுத்தும்.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. தேர் ஓடும்போது ஊரார் பார்ப்பது அலங்காரத்தை. தேர்த் தச்சன் பார்ப்பது அச்சை. வண்டி கட்டுகிறவர் ஊராரைப் போலப் பார்க்கக்கூடாது. தச்சனைப் போலப் பார்க்கவேண்டும்.