தாடி வளர்த்தால் போதுமா?

தாடியும் நீண்ட முடியும் வைத்த இளந்தொழிலாளர்களைக் கண்டு பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இளைஞர்களோ, "பிடல் காஸ்ட்ரோ வைக்கவில்லையா? சே குவேரா வைக்கவில்லையா?" என்று எதிர்க்கேள்வி போடுகிறார்கள். வைத்தார்கள். எதற்காக வைத்தார்கள் என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

1956 டிசம்பர் 2-ந் தேதி 82 போராளிகள் 'கிரான்மா' படகில் கியூபாவின் கிழக்குப் பகுதியில் கரை இறங்கினர். மூன்றே நாளில் சர்வாதிகாரி பாடிஸ்டாவின் படை அவர்களைச் சிதறடித்தது. தப்பிய சிலர் சியரா மேஸ்ட்ரா மலைக்காட்டில் ஏறினர். அங்கே சவரக்கடையும் இல்லை, பிளேடும் இல்லை. தாடி தானாக வளர்ந்தது.

வளர்ந்த தாடி பல விதத்தில் உதவியது. மலையிலிருந்த ஏழை விவசாயிகள் தாடியைக் கண்டதும் நம்மவர்கள் என்று அறிந்துகொண்டனர். 'தாடிக்காரர்கள்' என்றே அழைத்தனர். பாடிஸ்டாவின் ஒற்றன் உள்ளே நுழைய வேண்டுமானால் முதலில் பல மாதம் உட்கார்ந்து தாடி வளர்க்க வேண்டும்! நேரமும் மிச்சம். நாளுக்கு 15 நிமிஷம் மிஞ்சுகிறது என்று பிடல் பின்னாளில் சொன்னார். ஆண்டுக்கு 91 மணி நேரம். எட்டு மணி ஷிப்டுக் கணக்கில் 11 ஷிப்டுக்கும் மேல்.

ஏகாதிபத்தியம் இந்தத் தாடியைக்கூட விடவில்லை. பிடலின் பூட்ஸில் தாலியம் உப்பைத் தூவி, தாடியை உதிரவைத்து, அவரைச் சிறுமைப்படுத்த சி.ஐ.ஏ. போட்ட திட்டத்தை 1975-ல் அமெரிக்க செனட் கமிட்டியின் அறிக்கையே அம்பலமாக்கியது.

ஆனால் வெற்றி பெற்றது தாடியால் அல்ல. பிடலின் தம்பி ராவுலுக்குத் தாடி சரியாக வளரவில்லை. அதனால் அவர் போராளி இல்லையா? 1966-ல் பொலிவியாவுக்கு ரகசியமாகப் புறப்பட்டபோது சே தம் தாடியை மழித்துவிட்டார். தேவைப்பட்டபோது வளர்த்தார், தேவைப்பட்டபோது எடுத்தார். விவசாயிகள் அவர்கள் பக்கம் நின்றது நிலத்துக்காக. 1959 ஜனவரியில் ஆட்சி கைக்கு வந்தது. மே 17-ந் தேதியே நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது.

இந்தக் கண்ணோடு நம் ஆலையைப் பாருங்கள். ஓடுகிற பெல்ட்டிலும் சுழலுகிற ரோலரிலும் அவிழ்ந்த முடி சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பஞ்சுத் தூசிக்குப் போடும் முகமூடி அடர்ந்த தாடியின்மேல் சரியாகப் படியாது. இடுக்கு வழியே தூசி நெஞ்சுக்குள் போகும். எனவே முடியை இறுக்கிக் கட்டுங்கள், அல்லது வெட்டுங்கள். தூசிப் பகுதியில் வேலை என்றால் தாடியை எடுத்துவிடுங்கள். அதோடு நிற்காதீர்கள். பெல்ட்டுக்கு மூடி போடுவதும் நல்ல முகமூடி கொடுப்பதும் முதலாளியின் கடமை. விபத்து நடந்தபின் "அவன் முடிதான் காரணம்" என்று தப்பித்துக்கொள்ள விடக்கூடாது.

வயலில் வேலை செய்யும் தோழர் தாடி வைப்பதும் எடுப்பதும் அவர் விருப்பம். அதை யாரும் கேலி செய்யவேண்டாம்.

சேயின் முகத்தைச் சட்டையில் அச்சடித்து முதலாளிகளே விற்று லாபம் சம்பாதிக்கிறார்கள். அந்தச் சட்டையால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதே இளைஞன் சங்கச் சந்தா கட்டி, மூடியில்லாத பெல்ட்டைச் சுட்டிக்காட்டி நாலு பேரைத் திரட்டினால்தான் அவர்களுக்குக் கவலை பிறக்கும். இளந்தோழர்களே, தாடியோடு வந்தாலும் சரி, மழித்துக்கொண்டு வந்தாலும் சரி, சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள்!