துடுப்பு யார் கையில்?

விடுமுறை நாளென்றால் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன்மலை ஏறும் சாலையில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. பெரியார் அருவியில் குளித்துவிட்டு, கரியாலூரில் படகு ஏறி, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புகிறார்கள் மக்கள். அடிவாரத்தில் உள்ள கோமுகி அணையிலும் படகு விட வேண்டும் என்ற கோரிக்கை இருக்கிறது. 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு இப்படியொரு தொழில் வளர்வது நல்லதே. நாமும் அதை வரவேற்கிறோம். ஆனால், தொழில் பெரிதாகும் முன்பே ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. அந்தப் படகுகள் யாருடையவையாக இருக்கப் போகின்றன?

இந்தக் கேள்வியை எழுப்பக் காரணம் உண்டு. கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். நாடு சுதந்திரம் பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்தே அவர்களுக்கு அந்த ஆட்சியிலிருந்து விடுதலை கிடைத்தது. இன்றும் மலையில் விளைவதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல் பலர் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் நம் பக்கத்து மாவட்டங்களின் மலைவாழ் மக்கள்.

அடிவாரத்தின் நிலையும் வேறல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். தலித் மக்கள் அதிகம். அதன் பிறகுதான் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாராய ஊறலை அழித்தால் மட்டும் போதாது, வேறு பிழைப்பு வேண்டும் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். படகுத் தொழில் அப்படியொரு பிழைப்பாக முடியும்.

ஆனால் அது தானாக நடந்துவிடாது. ஓர் இடம் சுற்றுலாத் தலமானதும் முதலில் ஏறுவது நிலத்தின் விலை. விடுதி கட்டுபவரும் கடை வைப்பவரும் வெளியூர்க்காரராக இருப்பார். உள்ளூர்க்காரருக்குப் பெருக்கும் வேலையும் காவல் வேலையும் மிஞ்சும். குத்தகை ஏலத்தின் கதையும் இதுதான். வைப்புத்தொகையும் சொத்து மதிப்புச் சான்றும் முன் அனுபவமும் கேட்டால், கூலி வேலை செய்யும் தலித் இளைஞரோ மலைக் கிராமத்து மகளிர் குழுவோ ஏலத்தில் எப்படி நிற்க முடியும்? விதி எல்லோருக்கும் பொதுவாகத்தான் தெரியும். ஆனால் வாசல் சிலருக்கே திறக்கும்.

தண்ணீரும் சாதியும் நமக்குப் புதிய கதை அல்ல. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீர் அருந்தினார். பொதுக்குளத்தின் நீர் எங்களுக்கும் உரியது என்பதே அந்தப் போராட்டம். நீரைத் தொடும் உரிமைக்காக அன்று போராடினோம். இன்று அதே நீரிலிருந்து வருமானம் வரும்போது, அதில் பங்கு கேட்பது அந்த உரிமையின் அடுத்த படி.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் கோவை மாவட்டம் பரளிக்காட்டைப் பார்க்கலாம். பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாவில் பரிசல் ஓட்டுபவர்கள் அங்குள்ள பழங்குடி மக்களே. வருகிறவர்களுக்குச் சமைத்துப் பரிமாறுபவர்களும் அந்த ஊர்ப் பெண்களே. அங்கே மாளிகையும் இல்லை, சொகுசுப் படகும் இல்லை. பரிசலும் களி உருண்டையும் ஆற்றங்கரை நிழலும் போதுமானவையாக இருக்கின்றன.

ஒப்பந்தங்களில் இடஒதுக்கீடு என்பதும் கனவல்ல. கர்நாடகத்தில் குறிப்பிட்ட மதிப்பு வரையிலான அரசுப் பணி ஒப்பந்தங்களில் 24.1 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சட்டப்படி ஒதுக்கப்படுகிறது. தமிழகத்தில் 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், இப்பிரிவுத் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. படகும் பரிசலும் உயிர்காப்பு உடையும் வாங்கக் கடன் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் கடன் வாங்கிப் படகு வாங்கியவருக்கு அதை விட ஒரு துறை வேண்டுமே!

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பவை இவை. கரியாலூரிலும், படகு வந்தால் கோமுகியிலும், குத்தகையைத் தனியாருக்கு ஏலம் விடும் முன் உள்ளூர்ப் பழங்குடி, ஆதிதிராவிடர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும். அவர்களுக்கு வைப்புத்தொகையில் விலக்கு வேண்டும். வன நிலத்தில் எதைக் கட்டுவதானாலும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபையின் குரலைக் கேட்க வேண்டும். கோமுகி முதலில் பாசனத்துக்கான அணை. ஆயக்கட்டு விவசாயியின் தண்ணீரில் எண்ணெய் மிதக்கக் கூடாது. துடுப்புப் படகும் மிதி படகும் பரிசலுமே இங்கே போதும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரிலும் 22 பேர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் உயிர்காப்பு உடை இல்லாததும் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் செய்திகள். படகு உள்ளூர்க்காரருடையது என்பதற்காக இந்த விதிகளைத் தளர்த்தக் கூடாது. பயிற்சிதான் இதற்கு வழி. கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் படகு ஓட்டவும் நீரில் மூழ்குவோரைக் காப்பாற்றவும் பயிற்சி தருகிறது. நம் மாணவர்களை அரசு செலவில் அங்கே அனுப்பினால், சான்றிதழோடு திரும்பும் அவர்களே இங்கே மற்றவர்களுக்குக் கற்றுத் தருவார்கள்.

மாணவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். ஏல அறிவிப்பு வந்த பிறகு எழுப்பும் குரலை விட, வருவதற்கு முன் பதிவாகும் தீர்மானத்துக்கு வலு அதிகம். ஜாகிர்தாருக்கு உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் குத்தகைதாரருக்கு உழைக்கத் தேவையில்லை. மலை அவர்களுடையது, படகும் அவர்களுடையதாகட்டும்.