"ஐயா, நீங்க உட்காருங்க"



சென்ற ஞாயிறு நான் பீடத்தில் நிற்கவில்லை. மூப்பர் ஒருவர் செய்தி கொடுத்தார். நன்றாகக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். போதகர் எங்கே என்று விசாரித்தவர்களுக்கு, "நண்பர்களோடு கேம்பர்வேனில் கடலோரம் போயிருக்கிறார்" என்ற பதில் கிடைத்ததாம். சிலர் சிரித்தீர்கள், ஓரிருவர் வருந்தினீர்கள். வருந்தியவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் எனக்குப் புரிந்த ஒன்று உங்களையும் சேர்ந்தது. ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் நால்வர். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த நாள்தொட்டு என்னை "வாடா" என்றே அழைக்கும் நண்பன் ஒருவன். நம் சபையின் சகோதரர் இருவர். வெள்ளி மதியம் மெல்பர்னை விட்டு, டார்க்கி ஊரில் தொடங்கும் கிரேட் ஓஷன் ரோட்டில் ஏறினோம். 243 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலையை, முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ 3,000 படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு குன்றின் விளிம்பைச் செதுக்கி அமைத்தார்கள். களத்தில் மாண்ட தோழர்களின் நினைவுக்கென்றே அதை அர்ப்பணித்தார்கள். ஒருபுறம் பாறை, மறுபுறம் கடல். இறந்த நண்பனுக்காக ஒருவன் உடைத்த கல்லின்மேல் நம் சக்கரம் உருள்கிறது என்ற எண்ணம் லோர்ன் ஊரைக் கடக்கும்வரை என்னை விடவில்லை.

கேம்பர்வேன் என்பது வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் விசாலம். உள்ளே ஒருவர் சட்டை மாற்ற மற்ற மூவரும் இறங்க வேண்டும். மேசையை மடித்தால் அதுவே கட்டில். அந்த நெருக்கடியிலும் எனக்கு மட்டும் குறையொன்றும் இல்லை. நல்ல படுக்கை எனக்கு. முதல் தேநீர் எனக்கு. தட்டைக் கழுவ எழுந்தால், "ஐயா, நீங்க உட்காருங்க." குழாயை மாட்டித் தண்ணீர் பிடிக்கப் போனால், "நாங்க பாத்துக்கிறோம் ஐயா, நீங்க உட்காருங்க." நானும் மடிப்பு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. இதை மறைத்துவிட்டு மேலே எழுத மனம் ஒப்பவில்லை.

சனி மாலை பன்னிரண்டு அப்போஸ்தலர் என்னும் சுண்ணாம்புப் பாறைகளின் முன் நின்றோம். பெயரைக் கேட்டு உருகிவிட வேண்டாம். முன்பு அவற்றுக்குப் பன்றியும் குட்டிகளும் என்று பொருள்படும் பெயர்தான் இருந்தது. பயணிகளை ஈர்க்கவே இந்தப் பெயர் வந்தது. பன்னிரண்டு என்றுமே இருந்ததில்லை, ஒன்பது இருந்தன. 2005 ஜூலையில் ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ள ஒன்று நொடிகளில் நொறுங்கி விழ, இப்போது எட்டு. "பட்டியல்ல பன்னிரண்டு, வந்தது எட்டு. உங்க சபைக் கமிட்டி மாதிரியே இருக்குடா" என்றான் என் நண்பன். சகோதரர் இருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சிரித்த பிறகே சிரித்தார்கள். அந்தச் சிறு தாமதம் என்னைக் குத்தியது.

அந்தக் கடற்கரையில் வண்டி நிறுத்துமிடங்களில் இரவு தங்க அனுமதி இல்லை. போர்ட் கேம்பலில் ஒரு கேரவன் பார்க்கில் தங்கினோம். ஞாயிறு விடியுமுன் விழித்தபோது, சகோதரரில் இளையவர் வண்டியின் பக்கவாட்டுச் சிறு கதவைத் திறந்து, கழிப்பறையின் அடியிலிருக்கும் கழிவுப்பெட்டியை உருவிக்கொண்டிருந்தார். முந்தின நாளும் அவரே செய்திருக்கிறார், நால்வரின் கழிவையும். அது எங்கே போகிறது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நான் பின்னாலே போனேன். "ஐயா, நீங்க..." என்று தொடங்கினார். "இன்றைக்கு உட்காரமாட்டேன் தம்பி" என்றேன். ஊற்றும்போது பெட்டியின் மேலுள்ள காற்றுப் பொத்தானை அழுத்தாவிட்டால் தெறிக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெறித்தது. அவர் பதறினார், பிறகு இருவரும் அடக்கமாட்டாமல் சிரித்தோம். பெட்டியை அலசி, நீல மருந்தை ஊற்றி மூடும்வரை இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடத்தில், இரண்டு ஆண்டுகளாக ஆலய வாசலில் என் கையைக் குலுக்கி "நல்லா இருக்கேன் ஐயா" என்று மட்டுமே சொல்லிவந்தவர், தாம் நன்றாக இல்லை என்பதைச் சொன்னார். என்னவென்பது இங்கே எழுதுவதற்கல்ல. இவ்வளவு எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.

ஊழியரைக் கனம்பண்ணுவது வேதம் கற்றுத்தருவது என்பீர்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நம்மிடையே கனம் என்பது நாற்காலியாகிவிட்டது. நீங்கள் அன்போடு அதைப் போடுகிறீர்கள். நான் நன்றியோடு அமர்கிறேன். நமக்கிடையே ஒரு கெஜ தூரம் விழுகிறது. அமர்ந்திருப்பவரிடம் யாரும் தம் துக்கத்தை எளிதில் சொல்வதில்லை. கூட நின்று கை நனைத்தவரிடம்தான் சொல்கிறார்கள்.

அன்று காலை வண்டியருகே நாங்கள் யோவான் 21ஆம் அதிகாரத்தை வாசித்தோம். இரவெல்லாம் உழைத்த ஏழு சீஷர்களுக்காக உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் வைத்திருந்தார். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதிதான். ஆனாலும் சமைத்தவரே அவர்கள் பிடித்த மீனிலும் கொஞ்சம் கேட்டார் என்பதை அன்றுதான் கவனித்தேன். தாமே எல்லாம் செய்துவிடவும் இல்லை, செய்விக்க உட்கார்ந்திருக்கவும் இல்லை.

வருகிற மாதம் நம் சபை அசனம். அண்டாக்களும் தட்டுகளும் எப்போதும்போல அதே நாலைந்து சகோதரிகள் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியும். எனக்கு முதல் பந்தியில் இலை போட வேண்டாம். பின்கட்டுத் தொட்டியருகே ஓர் இடமும் ஒரு தேங்காய்நாரும் போதும். என் பக்கத்தில் இன்னொருவர் நிற்கவும் இடமிருக்கும்.