முறுவலுக்கு முன் முரசு

சென்ற கிழமை கட்டுகஸ்தோட்டையிலிருந்து உறவினர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்திருந்தார். ஆவணியிலே பெண்ணுக்குத் திருமணம். அவள் சிறுவயதில் வளர்ந்தது அநுராதபுரப் பகுதியில். பல் உருவாகும் பருவத்தில், கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைட்டு அவளுடைய முன்பற்களில் பழுப்புக் கறையை ஏற்றிவிட்டது. அதனை மறைக்கப் பீங்கான் மெல்லோடு ஒட்டுவிக்கலாமென்று பல் வைத்தியரிடம் சென்றிருக்கின்றனர். அவரோ முரசில் இரத்தம் கசிவதைக் கண்டு, பல்லைச் சுத்தம் செய்துவிட்டு, நான்கு கிழமை கழித்து வரச்சொல்லி அனுப்பிவிட்டார்.

"பல்லுக்கு மருந்து கேட்டால் முரசைப் பற்றிப் பேசுகிறார்! வேறொருவரிடம் போகலாமா?" என்று தந்தையார் சினந்தார். வேண்டாமென்றே நாம் கூறினோம்.

காரணம் இதுதான். வெனியர் எனப்படும் இம்மெல்லோடு, பெரும்பாலும் அரை மில்லிமீற்றரை ஒட்டிய கனமே உடையது. பல்லின் முன்புறத்தைச் சிறிது தேய்த்துவிட்டு, அதன் அச்சை எடுத்து, அவ்வச்சின்படி ஓட்டினைச் செய்வர். ஓட்டின் விளிம்பு முரசின் ஓரத்தில் வந்து முடியும். பல்லுக்கும் முரசுக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் உண்டு. நல்ல நிலையிலுள்ள முரசில் அதன் ஆழம் ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரைதான். அச்சுக் குழம்பு அதற்குள் இறங்கினாலன்றி விளிம்பு தெளிவாகப் பதியாது. ஆகவே முரசைச் சற்றே விலக்கிப் பிடிக்க வேண்டும்.

இதற்கு மெல்லிய பருத்தி நூலைப் பள்ளத்துள் மெதுவாகச் செருகுவதே பழகிய முறை. அலுமினியம் குளோரைட்டுக் கரைசலில் நனைத்த நூல் கசிவையும் அடக்கும். சில நிமிடங்கள் வைத்திருந்து, நீரால் ஈரமாக்கிய பின்னரே அதனை எடுக்க வேண்டும். உலர்ந்த நூலை இழுத்தால் முரசின் உட்தோல் கிழிந்து இரத்தம் பெருகும். இரு நூல் வைப்போரும் உளர். மெல்லியது அடியில் இருக்க, மேல்நூலை மட்டும் எடுத்துவிட்டு அச்செடுப்பர். நூலே வேண்டாமென்று களிமண் போன்ற பசையைப் பள்ளத்தில் இடுவதும் இப்போது வழக்கிலுண்டு. அது முரசை நோகடிப்பது குறைவு, விலக்குவதும் குறைவு. இரும்புச் சல்பேற்று இரத்தத்தை விரைவில் நிறுத்துமாயினும், அதன் கறை பல்லில் தங்கினால் கண்ணாடி போன்ற மெல்லோட்டினூடே தெரியும். கறையை மறைக்கப் போய்க் கறையை விலைக்கு வாங்கிய கதைதான்!

அதிரினலின் ஊட்டிய நூலும் உண்டு. இருதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீங்கிய முரசில் இவற்றுள் எதுவும் செவ்வையாக நடவாது. தொட்டவுடன் கசியும் இரத்தம் அச்சுக் குழம்பை ஒதுக்கிவிட, விளிம்பில் குழி விழும். பொருந்தாத ஓட்டின் ஓரத்தில் அழுக்குத் தங்கி முரசு மேலும் சிவக்கும். வீக்கம் பின்னர் வற்றினாலோ, முரசு மேலேறி ஓட்டின் விளிம்பு வெளியே தெரியும். கமெராவால் வாயைப் படம்பிடிக்கும் புதிய கருவிகள் வந்துவிட்டனவே என்பர் சிலர். கமெராவும் கண்ணுக்குத் தெரிவதைத்தானே பிடிக்கும்?

முரசு நோய் நம் மலைநாட்டுக்குப் புதிதன்று. நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் 1970 முதல் 1985 வரை, பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அறியாத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஆராய்ந்தனர். அனைவரும் நம் தமிழ் ஆடவர். ஏறத்தாழ எல்லோருக்கும் முரசழற்சி இருந்தது. ஆயினும் நூற்றுக்கு எட்டுப் பேருக்குப் பல்லின் பிடிமானம் விரைந்து அழிந்தது. 81 பேருக்கு மிதமாக. 11 பேருக்கு அழியவேயில்லை. உலகெங்கும் பல் வைத்திய மாணவர் இன்றும் படிக்கும் ஆய்வு இது. அத்தொழிலாளர்க்கு அதனால் என்ன கிட்டியதென்று கேட்கத் தோன்றுகிறது.

புத்தரின் பல்லைப் பேழைக்குள் பேழையாக வைத்துக் காக்கும் நகரத்தார் நாம். நாட்டில் நெடுங்காலம் பல் வைத்தியப் பட்டம் வழங்கிய ஒரே பீடமும் அருகே பேராதனையில்தான் இருக்கிறது. ஐயம் தீராவிட்டால் அங்குள்ள போதனா வைத்தியசாலையிலும் கேட்டுக்கொள்ளலாமென்றோம். தந்தையார் ஒருவாறு சினம் தணிந்தார். பெண் மட்டும், "நிச்சயதார்த்தப் படத்துக்கு என்ன செய்வது, மாமி?" என்று நம் மனையாளிடம் மெல்லக் கேட்டாள்.

"வாயை மூடிக்கொண்டு சிரி. நானும் அப்படித்தான் சிரித்தேன்" என்றாள் அவள்.