‘காஸ்ட்ரிக்’ என்ற ஒரு சொல் போதுமா?

நெஞ்செரிவு, புளியேப்பம், வயிற்றுப் பொருமல், நெஞ்சுநோவு ஆகிய யாவற்றுக்கும் எம்மவர் சூட்டியுள்ள ஒரே பெயர் ‘காஸ்ட்ரிக்’. பெயர் சூட்டியதும் பார்மசியில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, விடயம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். இவ்வழக்கம் ஆபத்தானது என்பதே எனது கருத்து.

உண்ட உணவு ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான உணவுக்குழாய் வழியே இரைப்பையை அடைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வளையத் தசையொன்று வாயிற்காவலன்போல் நிற்கிறது. அது தளர்ந்தாலோ, வேண்டாத வேளையில் திறந்தாலோ இரைப்பையின் அமிலம் மேலேறும். அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குத் தடித்த சளிக்கவசம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய பாதுகாப்பில்லை. எனவே முதலில் எரிவு, அமிலம் மீண்டும் மீண்டும் பட்டால் அழற்சி, பின்னர் புண். ஆண்டுக்கணக்கில் நீடித்தால், ஆறிய தழும்பினால் குழாய் ஒடுங்கலாம். சிலருக்கு உட்சுவரின் கலங்களே மாற்றமடைகின்றன. 1950 இல் இதுபற்றி எழுதிய சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பரட்டின் பெயரால் வழங்கும் அம்மாற்றம், ஒரு சிறு பகுதியினரில் புற்றுநோயாகலாம்.

அழற்சிக்கு அமிலம் மட்டுமே காரணமன்று. டொக்சிசைக்கிளின் போன்ற சில மாத்திரைகளை ஒரு மிடறு நீருடன் விழுங்கி உடனே படுத்தால், அவை குழாயில் ஒட்டிநின்று புண்ணாக்கும்.

ஒமெப்ரசோல் நல்ல மருந்துதான். வைத்தியர் குறித்த காலத்துக்கு, உணவுக்கு அரைமணி நேரம் முன்னர் எடுத்தால் புண் ஆறும். ஆனால் தளர்ந்த தசையை அது இறுக்காது. இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டியை வயிறுமுட்ட உண்டு, பத்தரைக்குப் படுப்பவருக்கு மாத்திரை எவ்வளவு காலம் துணைநிற்கும்? இராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விடுதல், கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்துதல், இடப்பக்கம் சரிந்து படுத்தல், மிகையான எடையைக் குறைத்தல், புகைத்தலைக் கைவிடுதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை.

விழுங்குவதில் சிரமம், காரணமின்றி மெலிதல், இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் வைத்தியரை நாடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. எண்டொஸ்கோப்பிப் பரிசோதனைக்கு அஞ்சுவோர், அஞ்ச வேண்டியது நோய்க்கே என்பதை உணர வேண்டும்.

யாவற்றிலும் முக்கியமானது நெஞ்சுநோவு. மாரடைப்பும் நெஞ்செரிவின் வேடத்தில் வருவதுண்டு. நெஞ்சு இறுகி, வியர்த்து, மூச்சுத்திணறி, நோவு கைக்கோ தாடைக்கோ பரவும்போது, சோடா குடித்துவிட்டு ஏப்பம் வருமா என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிற நாடுகளில் வாழ்வோர் தத்தம் நாட்டின் அவசர இலக்கத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

‘காஸ்ட்ரிக்’ என்பது நாம் உணரும் வேதனைக்கு நாமே இட்ட பெயர். அது எந்த நோயின் வேதனை என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.